ஜி லீக்கா, ஜெர்மனியா, பேங்க் வேலையா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகனுக்கு 22 வயது, ஆறடி நான்கு அங்குலம். டிவிஷன் ஒன் (கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டம்) கல்லூரி ஒன்றில் நான்கு வருடம் பாஸ்கெட்பாலில் கார்டாக (பந்தை நடத்திக்கொண்டு போகும் இடம்) ஆடினான், ஃபைனான்ஸில் பட்டமும் வாங்கிவிட்டான். என்பிஏ அணிகள் வருடாவருடம் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஒரு என்பிஏ அணி 'எக்சிபிட் டென்' ஒப்பந்தம் தரும், பயிற்சி முகாம் முடிந்ததும் என்பிஏவின் சின்ன லீக்கான ஜி லீக்குக்கு அனுப்பும், நல்ல போனஸ் உண்டு என்று ஏஜெண்ட் போனில் சொல்கிறார். இன்னொரு பக்கம் ஜெர்மனியில் இரண்டாம் நிலை அணி ஒன்று மாதம் 1,900 யூரோ கையில், வீடு, கார் தருகிறேன் என்கிறது. ஜூலை முடிவதற்குள் பதில் வேண்டுமாம். உள்ளூர் பேங்க் ஒன்றில் வேலையும் கிடைத்திருக்கிறது. என் கணவர் பெரியகுளம் பக்கம், கல்லூரி நாளில் ஆடியவர். அவரோடு ஆடியவர்கள் ஆட்டத்தாலேயே ரயில்வேயிலும் வங்கியிலும் சேர்ந்து ரிட்டயர்டும் ஆகிவிட்டார்கள். "இதுல எப்போ பர்மனெண்ட் ஆகும்? சத்னாம் சிங்காலயே முடியலையே" என்கிறார் (என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட பஞ்சாப்காரர்). மகன் இரண்டு வருடம் கேட்கிறான். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. ஜி லீக்கில் பர்மனெண்ட் என்ற பேச்சே கிடையாது. அவர் ஆடிய காலத்துத் தமிழ்நாட்டில் கண்ணில் படும்படி ஆடினால் ஐ.சி.எஃப்.போ ஏதாவது ஒரு வங்கியோ கூப்பிட்டு வேலை கொடுக்கும். முழங்கால் போனபிறகும் மேசை நாற்காலி இருக்கும். இங்கே அப்படி ஒரு பாலம் இல்லை. ஆடும்வரை சம்பளம், அவ்வளவுதான். இது தெரிந்துதான் இறங்க வேண்டும். தெரிந்துகொண்டு தாராளமாக இறங்கலாம் என்பது என் கட்சி.

நான் வரிக் கணக்கு பார்ப்பவன். சின்ன லீக்குகளிலும் வெளிநாட்டிலும் ஆடும் பையன்கள் சிலருக்கு வருடாவருடம் ரிட்டர்ன் போடுகிறேன். தம்பியின் ஜம்ப் ஷாட் எப்படி என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அந்த ஷாட்டுக்கு எங்கே என்ன விலை என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

ஜி லீக் 2001-இல் தென்கிழக்கு மாநிலங்களின் சின்ன ஊர்களில் எட்டு அணிகளோடு தொடங்கியது. அப்போது பெயர் வேறு. கேட்டோரேட் விளம்பரதாரரானதும் 2017-இல் 'ஜி' வந்தது. 2024-25 பருவத்தில் 31 அணிகள்: என்பிஏ அணிகள் முப்பதுக்கும் ஆளுக்கொன்று, அதுபோக மெக்சிகோ சிட்டி. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஃபிரிஸ்கோவில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் ஆடுகிறது. ஒரு குளிர்கால இரவில் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்; தம்பி இறங்கப்போகும் இடம் எப்படி இருக்கும் என்று புரியும். ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ வழக்கமாக இரண்டு; அங்கே ஒன்றுதான், போட்டால் இரண்டு பாயிண்டும் கணக்கில் ஏறும் (கடைசி இரண்டு நிமிடம் மட்டும் பழைய முறை). உங்கள் வீட்டுக்காரர் இதைப் பார்த்து ஒருமுறையாவது தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தப் பருவத்துக்கு ஒரு சாதாரண ஜி லீக் ஆட்டக்காரரின் சம்பளம் 43,000 டாலர். எல்லாருக்கும் ஒரே தொகை; பேரம் பேச இடமில்லை. ஒப்பந்தம் லீக்கோடுதான், அணியோடு அல்ல. தங்க இடம் அணி பார்த்துக்கொள்ளும், பெரும்பாலும் அபார்ட்மெண்டை இன்னொரு பையனோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். மருத்துவக் காப்பீடு உண்டு. பயணம் சாதாரண விமானத்தில். காலையில் கனெக்ஷன் பிடித்து இறங்கி மாலையில் ஆட வேண்டிய நாளும் வரும். ஆனால் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வேறு. சம்பளம் பருவத்துக்குத்தான். ஏப்ரலில் பே-ஸ்டப் (சம்பளச் சீட்டு) நின்றுவிடும், அக்டோபர்வரை வராது. அந்த ஆறு மாதத்தில்தான் டிரெய்னர், ஜிம், சாப்பாடு, அங்கே இங்கே போய் ஒர்க்கவுட் காட்டுவது என்று செலவெல்லாம் வரும். பே-ஸ்டப் வாங்குகிற ஊழியர் இதையெல்லாம் ஃபெடரல் வரியில் கழிக்கவும் முடியாது. 2018 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. புதிதாக வரும் பையன்கள் டிரெய்னர் ரசீதுகளை ஒரு கவரில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கவரைத் திருப்பிக் கொடுப்பது எனக்கே சங்கடமாக இருக்கும்.

என்பிஏவில் ஆடுகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஜி லீக்கைத் தொட்டு வந்தவர்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். உண்மைதான். ஆனால் அந்தப் பாதிக்குள், முதல் சுற்றில் எடுக்கப்பட்டுக் கோடிகளில் ஒப்பந்தம் போட்ட பையன் காயம் ஆறி நாலு ஆட்டம் பயிற்சிக்கு வந்து போனதும் அடக்கம். உங்கள் மகன் அந்த வரிசையில் இல்லை. டிராஃப்ட் ஆகாமல், சாதாரண ஒப்பந்தத்தில் நுழைந்து, மேலே போய், அங்கேயே நிலைத்தவர்களை எண்ணினால் தொகை வெகுவாகச் சுருங்கும்.

அவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஃப்ரெட் வான்விலீட்டை 2016-இல் யாரும் எடுக்கவில்லை. மறுவருடம் ராப்டர்ஸ் 905 அணியோடு இந்தச் சின்ன லீக் கோப்பை, 2019-இல் டொராண்டோவோடு என்பிஏ கோப்பை. அலெக்ஸ் கருசோ இந்த வழியாக வந்து லேக்கர்ஸோடு ஒன்று, ஓக்லஹோமாவோடு ஒன்று என இரண்டு என்பிஏ கோப்பை பார்த்துவிட்டார். ஜொனத்தன் சிம்மன்ஸ் 2013-இல் 150 டாலர் கட்டி, ஆஸ்டின் அணியின் திறந்த தேர்வில் வரிசையில் நின்று ஆடி இடம் பிடித்தவர். இரண்டு வருடத்தில் என்பிஏவின் ஸ்பர்ஸ் அணியில் இருந்தார். தம்பியின் போனில் இந்த மூன்று பேரின் வீடியோவும் கட்டாயம் இருக்கும்.

ஆண்ட்ரே இங்கிராமின் கதையும் இருக்கும். இயற்பியல் பட்டதாரி. 2007-இல் இந்த லீக்குக்குள் வந்தவர், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே ஆடினார். 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், லேக்கர்ஸ் அவரை முதல் என்பிஏ ஆட்டத்தில் இறக்கியது. எதிரே ஹூஸ்டன், அந்த வருடம் லீக்கிலேயே அதிக வெற்றி பெற்ற அணி. 19 பாயிண்ட் போட்டார்; எறிந்த ஐந்து த்ரீ-பாயிண்டரில் நான்கு விழுந்தன. அரங்கமே எழுந்து நின்றது. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் என் கண் அதில் போகிற இடம் வேறு: அந்தப் பருவத்தில் அவருடைய சின்ன லீக் சம்பளம் சுமார் 19,000 டாலர். அப்படிப் பத்து வருடம். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவர் அதைத் தெரிந்து, விரும்பித் தேர்ந்தெடுத்தார், மரியாதைக்குரிய விஷயம். யாரும் தற்செயலாக அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. "இன்னும் ஒரு வருடம்" என்று வருடாவருடம் சொல்லிச் சொல்லியே முப்பதைத் தாண்டுகிறவர்கள் உண்டு.

சரி, மேலே போனால் பணம் எப்படி மாறும்? ஜனவரி 5 முதல் என்பிஏ அணிகள் பத்து நாள் ஒப்பந்தம் போடலாம். புதியவர் ஒருவருக்கு அந்தப் பத்து நாளுக்கு 2024-25-இல் அறுபதாயிரம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஜி லீக்கின் முழுப் பருவச் சம்பளத்தைவிட அதிகம். டூ-வே ஒப்பந்தம் என்றால் இன்னும் மேல்: அதே பருவத்தில் 5.78 லட்சம் டாலரை ஒட்டி. என்பிஏவிலும் ஜி லீக்கிலும் மாறி மாறி ஆடலாம், என்பிஏவில் அதிகபட்சம் 50 ஆட்டம். அணிக்கு மூன்று டூ-வே என்றால் முப்பது அணிக்கும் சேர்த்துத் தொண்ணூறு இடம். தம்பி மாதிரி ஒரு கார்டு உண்மையில் குறிவைக்க வேண்டியது இந்தத் தொண்ணூறைத்தான்.

இப்போது எக்சிபிட் டென். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். இது ஒரு வருடக் குறைந்தபட்ச என்பிஏ ஒப்பந்தம். ஆனால் உத்தரவாதம் இல்லை. அணி எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம், விடுவிக்கத்தான் போகிறது. அப்படி விடுவித்தபின் பையன் அதே அணியின் ஜி லீக் கிளையில் 60 நாள் இருந்தால் போனஸ். 59-ஆம் நாள் கொரியாவிலிருந்து நல்ல அழைப்பு வந்து கிளம்பினால் போனஸ் போச்சு. சில சமயம் அக்டோபரில் காலையில் கையெழுத்து, மாலையில் விடுவிப்பு, முகாமுக்கே போயிருக்கமாட்டான். அவன் ஜி லீக் உரிமை வேறு அணிக்குப் போகாமல் தடுக்கத்தான் அந்தக் கையெழுத்து.

ஆகவே போனில் சொன்ன 'நல்ல போனஸ்' எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி அது 5,000 டாலராகவும் இருக்கலாம், 75,000-க்கு மேலும் போகலாம். இந்த ஒரு எண்ணில் அந்த அணியின் மனசு தெரிந்துவிடும். ஐம்பதாயிரத்துக்கு மேல் எழுதினால் அவர்களுக்கு அவன்மேல் ஒரு திட்டம் இருக்கிறது. டூ-வே இடம் ஒன்று காலியானால் இவன் பெயர் பேச்சில் வரும். ஐயாயிரம் பத்தாயிரம் என்றால் ஜி லீக் பயிற்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள். கோச் என்ன புகழ்ந்தாலும் இந்த எண்ணையே நம்புங்கள்.

இரண்டாவது, ஆடும் நிமிடங்கள். இதை யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை. ஜி லீக் கோச்சின் முதல் வேலை ஜெயிப்பது அல்ல. மேலே இருக்கும் அணி வளர்க்க நினைக்கும் பையன்களை வளர்ப்பது. பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் வரிசை மாதிரி, மேலிருந்து அனுப்பப்பட்டவர், டூ-வே பையன்கள், அப்புறம்தான் மற்றவர்கள். நேற்றுவரை முப்பது நிமிடம் ஆடியவன், மேலிருந்து ஒரு கார்டு இறங்கியதும் இன்று எட்டு நிமிடம் ஆடுவான். அவன் தப்பு எதுவும் இருக்காது. ஆகவே அந்தக் கிளை அணியில் டூ-வேயில் எத்தனை கார்டுகள், போன வருடம் சாதாரண ஒப்பந்தக் கார்டுகள் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று ஏஜெண்டைக் கேளுங்கள். இது பொதுவெளியில் இருக்கும் விவரம்தான். தம்பியே ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவான்.

நிமிடங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், டிசம்பரில் ஷோகேஸ் என்று எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி ஆடவைக்கிறார்கள். முப்பது என்பிஏ அணிகளின் ஆட்களும் வருவார்கள். வெளிநாட்டு கிளப்புகளின் ஆட்களும் வருவார்கள். ஜி லீக்கில் ஒரு குளிர்காலம் ஆடிய பெரும்பாலோருக்கு அடுத்த அழைப்பு என்பிஏவிலிருந்து வராது. ஜப்பான், துருக்கி, இத்தாலி, ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ் என்று எங்கிருந்தாவது வரும். அந்தச் சம்பளம் பெரும்பாலும் ஜி லீக்கைவிட அதிகம். ஜி லீக்கின் நிஜமான சந்தை அதுதான் என்பது என் கணக்கு. 43,000-த்தைச் சம்பளம் என்று பார்த்தால் ஏமாற்றம். அடுத்த ஒப்பந்தத்தின் விலையை ஏற்ற ஒரு குளிர்காலம் கிடைக்கிறது என்று பார்த்தால் நியாயம். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் விலை ஏறாது.

ஜெர்மனிக்கு வருவோம். 1,900 யூரோ கேட்கச் சின்னதுதான். ஆனால் அது வரி போகக் கையில் வருவது, வாடகை இல்லை, கார் உண்டு. ஒன்பது மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 17,100 யூரோ; ஜி லீக்கைவிடக் குறைவுதான், ஆனால் முதலில் தோன்றும் அளவுக்குத் தூரம் இல்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம், அங்கே அவன் வெளிநாட்டு ஆட்டக்காரன். வெளிநாட்டவருக்கு இடம் எண்ணித்தான் இருக்கும். அந்த இடத்தில் ஒருவனை உட்காரவைக்க ஒரு சின்ன ஊர் கிளப் காசு கொடுக்காது. முப்பது நிமிடம் ஆடுவான், ஜெயிக்க ஆடுவான். மறுபக்கமும் உண்டு: நாலு வாரம் பந்து விழவில்லை என்றால் ஏஜெண்டுக்கு கிளப்பிலிருந்து போன் போகும்.

அதனால் அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை எத்தனை நாளுக்குள், அதற்குப்பின் விடுவித்தால் மீதிச் சம்பளம் உண்டா, காயம் பட்டால் யார் பொறுப்பு, சம்பளம் எத்தனை நாள் தாமதமானால் அவன் ஆடாமல் நிற்கலாம், விமான டிக்கெட் யார் செலவு. தகராறு வந்தால் ஜெனீவாவில் இருக்கும் பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் டிரிப்யூனல் தீர்க்கும் என்று ஒரு ஷரத்து இருக்க வேண்டும். அது இல்லாமல் சம்பளப் பாக்கிக்காக அந்த ஊர்க் கோர்ட்டுக்கு இங்கிருந்து அலைய முடியாது. இன்னொன்று: என்பிஏ அழைத்தால் குறிப்பிட்ட தேதிவரை விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்து. கேட்டால் பல கிளப்புகள் ஒத்துக்கொள்ளும். கேட்காமல் யாரும் எழுதமாட்டார்கள்.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்தால் அமெரிக்க வரி கிடையாது என்று லாக்கர் ரூமில் யாராவது சொல்லுவார்கள். குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் இங்கே ரிட்டர்னில் காட்டத்தான் வேண்டும். வெளிநாட்டு வருமான விலக்குக்கு அவன் வழக்கமாகப் பயன்படுத்தக்கூடிய வழி, பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாள் வெளியே இருப்பது. பருவம் மே மாதம் முடிந்ததும் அம்மா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவரும் பையனுக்கு இந்த நாள் கணக்கு தேறாது. அப்போது அங்கே கட்டிய வரியை இங்கே ஈடுகட்டிக் காட்ட வேண்டும். அதற்கு கிளப் அவன் பெயரில் வரி கட்டியதற்கான வருடாந்தரச் சான்றிதழ் வேண்டும். 'நெட் சம்பளம்' என்று சொல்லும் கிளப்புகளிடம் இந்தக் காகிதத்தைப் பருவம் முடிந்தபின் வாங்குவது பெரும்பாடு. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் குடும்பக் காப்பீட்டில் 26 வயதுவரை அவனை வைத்துக்கொள்ளலாம். எங்கே போனாலும் எடுத்துவிடாதீர்கள். மேக்ஸ் ஸ்ட்ரூஸுக்கு 2019 டிசம்பரில் ஜி லீக் ஆட்டத்தில்தான் முழங்கால் தசைநார் கிழிந்தது. தேறி வந்து, 2023-இல் 6.3 கோடி டாலர் என்பிஏ ஒப்பந்தம் போட்டார். எல்லாக் காயமும் அப்படி முடியாது.

சத்னாம் சிங்கை உங்கள் வீட்டுக்காரர் இழுத்ததால் ஒரு வார்த்தை. அவர் ஏழடி இரண்டங்குலம், பஞ்சாப் கிராமத்திலிருந்து வந்து, கல்லூரியில் ஆடாமல் நேராக 2015-இல் 52-ஆவதாக எடுக்கப்பட்டவர். ஃபிரிஸ்கோவில்தான் இரண்டு பருவம் இருந்தார். பெரிய உடம்பு கூடைக்குக் கீழே, பெயிண்டுக்குள் நிற்பதற்கு என்பிஏவில் மவுசு குறைந்துகொண்டிருந்த நேரம் அது. நான்கு வருடம் டிவிஷன் ஒன் ஆடிய கார்டோடு அவரை ஒப்பிட ஒன்றுமில்லை. அப்படியே தம்பி இந்திய அணிக்கு ஆடட்டும் என்ற எண்ணம் உங்கள் வீட்டுக்காரருக்கு இருந்தால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை போதாது, இந்தியப் பாஸ்போர்ட்டே வேண்டும். அதற்கு அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பேங்க் வேலையை மறுக்க வேண்டாம், ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று மரியாதையாக ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். தொழில்முறை ஆட்டக்காரன் என்பது ரெஸ்யூமேயில் நல்ல வரி. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஃபைனான்ஸ் பட்டம் 24 வயதில் கெட்டுப்போகாது.

தம்பி கேட்கும் இரண்டு வருடத்தைக் கொடுங்கள். ஆனால் ஒரு கணக்கோடு கொடுங்கள். முதல் பருவம் முடிந்தபின் வரும் ஒப்பந்தம் இந்த வருடத்தைவிட விலை கூடியதாக இருக்க வேண்டும், எழுத்தில். கூடினால் இரண்டாவது வருடம். கூடவில்லை என்றால், ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று யார் சொன்னாலும், பேங்க். மூன்றாவது வருடத்துக்கும் இதே கணக்கு. இதை இப்போதே, எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே, வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். ஏப்ரலில் பேசினால் சண்டையாகத்தான் முடியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால்: போனஸ் ஐம்பதாயிரமோ அதற்கு மேலோ, கிளை அணியில் கார்டு இடத்தில் கூட்டம் இல்லை என்றால் ஜி லீக், ஒரு குளிர்காலம். இல்லையென்றால் ஜெர்மனி, மேலே சொன்ன ஷரத்துகளோடு. ஏஜெண்டுக்கு இன்றே மெயில் போடச் சொல்லுங்கள், போன் வேண்டாம். "போனஸ் தொகை எவ்வளவு, அணி அதை எழுத்தில் தருமா?" என்ற ஒரே கேள்வி போதும். ஒரு வாரத்துக்குள் எண் வரவில்லை என்றால், அந்த எண் சின்னது என்று வைத்துக்கொண்டு ஜெர்மனிக்காரர்களிடம் ஒப்பந்த நகலைக் கேளுங்கள்.